ராணிகள் வெளியேறிய பின்பு

2024-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில், உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவதும் கடைசியுமான ஆட்டத்தில், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயதுக் குகேஷும், பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்த சீன தேசத்து டிங் லிரெனும், ஆளுக்கு ஆறரைப் புள்ளியுடன் சமமாக அமர்ந்திருந்தபோது, பலகையில் எஞ்சியிருந்த காய்கள் மிகச் சொற்பம். இரு தரப்புக்கும் ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி. இவற்றுக்கு மேல், கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷுக்கு இரண்டு சிப்பாய்கள், டிங்கிற்கு ஒரு சிப்பாய். ஆட்டம் டிராவில் முடியும், மறுநாள் நடக்கும் அதிவேக ஆட்டங்களில்தான் பட்டம் யாருக்கென்று தெரியும் என்று, பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் முடிவு கட்டியிருந்த அந்தச் சமயத்தில், கடிகாரத்தில் அவகாசம் குறைந்து களைத்திருந்த டிங், தமது 55-ஆவது நகர்வாக யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று எதிராளியை அழைத்தார்.

அழைப்பை ஏற்று வெட்டிய குகேஷ், அடுத்த நகர்விலேயே தம் மந்திரியை டி5-இல் வைத்தார். டிங்கின் மந்திரியோ ஏ8 என்னும் மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு உள்ள ஒரே சாய்வு வழியில், கறுப்பு மந்திரி தன் ராஜாவின் காவலோடு குறுக்கே வந்து நின்றுவிட்டபடியால், மந்திரிகள் இரண்டும் வெட்டுப்படுவதை எவராலும் தவிர்க்க முடியாது. அவையும் போனால் பலகையில் மிஞ்சுகிறவை இரண்டு ராஜாக்களும் மூன்று சிப்பாய்களுமே. 58-ஆவது நகர்வில், இ3-இல் நின்ற வெள்ளை ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு, கறுப்பு ராஜா இ5-இல் வந்து நின்றது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். எல்லோராலும் ஒருமனதாக ஏற்கப்பட்ட உலகச் சாம்பியன்களில் மிக இளையவர் உதயமானது, இப்படி இரண்டு ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும் ஒரு நிலையில்தான். நகர வேண்டிய முறை யாருடையதோ அவர் வழி விட்டாக வேண்டும் என்னும் இந்த 'எதிர்நிலை'ப் பாடத்தை, இந்த ஆட்டம் பயிலும் குழந்தைகளுக்கு ஆரம்ப நாட்களிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

குகேஷின் வெற்றியைத் தமிழகம் கொண்டாடிய விதம் மனத்துக்கு நிறைவானது. ஆயினும், அந்த வெற்றி ஆட்டத்தின் எந்தப் பகுதியில் கிடைத்தது, அந்தப் பகுதிக்கென்று ஒரு தனி அழகும் தனி நியாயமும் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்ற விசாரணை நம்மிடையே போதிய அளவு நடக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் இருக்கையை விட்டு எழுந்து போகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. மிருதங்க வித்வான் கணக்கை நிதானமாக விரித்து, குறைத்து, கோர்வை வைத்துத் தாளத்தின் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் நேர்த்தியை அனுபவிக்க, பாட்டு நின்றுபோயிற்றே என்ற ஏக்கத்தைச் சற்று அடக்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். சதுரங்க ரசிகர்களிலும் ராணிகள் வெட்டுப்பட்டவுடனே சுவாரசியம் தீர்ந்துவிட்டதாக எண்ணுகிறவர்கள் அநேகர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பெரிய காய்கள் வெளியேறிய பின் பலகையில் முதலில் மாறுவது ராஜாவின் சுபாவம். ஆட்டத்தின் முற்பகுதியில் அது கோட்டை கட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்கி, மூன்று சிப்பாய்களின் நிழலில், தன் பரிவாரம் தன்னைக் காப்பதை எதிர்பார்த்தே காலம் கழிக்கிறது. எதிரி ராணி போய்விட்டால் அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. நீங்கிய அக்கணம் முதல், நாற்புறமும் ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கும் அதே ராஜா, ஒரு குதிரைக்கோ மந்திரிக்கோ குறையாத பலமுள்ள போர்வீரனாக நடுப்பலகைக்கு வருகிறது. தன் சிப்பாய்க்கு வழி திறப்பதும், எதிரியின் சிப்பாயை மறிப்பதும், எதிரி ராஜாவைத் தோளோடு தோள் உரசித் தள்ளிக்கொண்டு போவதும் அதன் வேலைகளாகின்றன. இந்த மாறுதலை அறியாமல், ராணிகள் போன பிறகும் ராஜாவை மூலையிலேயே வைத்துக்கொண்டிருப்பவர் ஒரு காய் குறைவாக ஆடுகிறவருக்கே சமானம்.

இரண்டாவதாக மாறுவது சிப்பாயின் மதிப்பு. நாற்பது நகர்வு வரை யாகத்துக்கு வளர்த்த ஆடுபோல் வெட்டுக்கு உரியதாகக் கருதப்பட்ட சிப்பாய், எட்டாம் வரிசையை எட்டினால் ராணியாகும் என்ற விதி இருப்பதால், இப்போது தன் பின்னே முழு ஆட்டத்தின் முடிவையும் இழுத்துக்கொண்டு நடக்கிறது. மூன்றாவதாக, நகராமல் இருக்கும் உரிமை இந்த ஆட்டத்தில் எவருக்கும் கிடையாது என்ற விதி, முற்பகுதியில் ஒருவருக்கும் நினைவிலேயே இல்லாதது, இறுதியாட்டத்தில் திடீரென்று கொடிய ஆயுதமாகிறது. எல்லாக் காய்களும் சரியான கட்டத்தில் நிற்கும். எதை அசைத்தாலும் கேடு. ஆனாலும் அசைத்தே தீர வேண்டும். ஜெர்மானியர் வைத்த பெயரால் 'சுக்ஸ்வாங்' என்று உலகெங்கும் வழங்கும் அந்த நிலையை எதிரிக்கு உண்டாக்குவதற்காக, கைதேர்ந்தவர்கள் தங்கள் ராஜாவை இரண்டே நகர்வில் போகக்கூடிய கட்டத்துக்கு மூன்று நகர்வில் முக்கோணமாகச் சுற்றிக் கொண்டுபோவதைக் காணலாம். காலத்தைச் சேமிப்பதே சாதுரியம் என்று கற்ற கண்களுக்கு, ஓர் அடியை வேண்டுமென்றே தொலைப்பது சாதுரியமாகும் அந்த விந்தை, இறுதியாட்டத்துக்கே உரியது.

இவற்றையெல்லாம் ஒரே நிலையில் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர்களுக்கு, ரிச்சர்டு ரேட்டி என்ற வித்வான் 1921-ஆம் வருஷம் வெளியிட்ட சிறு புதிர் ஒன்று இருக்கிறது. பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8 மூலையில். வெள்ளைச் சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ6-இல். கறுப்புச் சிப்பாய் எச்5-இல். ஆட வேண்டியது வெள்ளை. டிரா செய்துவிட்டால் போதும். முதற் பார்வையில் அதற்கும் வழியில்லை. கறுப்புச் சிப்பாய் நாலே அடியில் ராணியாகிவிடும். அதைத் துரத்திப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு அடி குறைகிறது. தன் சிப்பாய்க்குத் துணையாக மறுபக்கம் போகலாமென்றால், கறுப்பு ராஜா இரண்டே அடியில் அந்தச் சிப்பாயை வெட்டிவிடும். வெள்ளை ராஜாவோ எங்கோ தூரத்து மூலையில் கிடக்கிறது. இரு காரியங்களில் எதுவும் தனித்தனியே நடக்காது என்பது எண்ணிப் பார்த்தாலே விளங்கும்.

விடை என்னவென்றால், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். ராஜா எச்8-இலிருந்து ஜி7, அங்கிருந்து எஃப்6, அங்கிருந்து இ5 என்று சாய்வாக நடுப்பலகையை நோக்கி இறங்குகிறது. அந்த ஒவ்வோர் அடியும் கறுப்புச் சிப்பாயை நோக்கியும் ஓர் அடி, தன் சிப்பாயை நோக்கியும் ஓர் அடி. எஃப்6-இல் ராஜா நிற்கும்போது கறுப்பு தன் சிப்பாயையே தொடர்ந்து தள்ளினால், வெள்ளை ராஜா இ7-க்குச் சென்று தன் சிப்பாய்க்குத் துணை நிற்க, இரு தரப்பிலும் ராணிகள் பிறந்து ஆட்டம் டிராவாகிறது. அதற்கு அஞ்சிக் கறுப்பு ராஜா பி6-க்கு வந்து ஓர் அடியைச் செலவிட்டால், வெள்ளை ராஜா இ5-க்கு இறங்கிவிடுகிறது. இனிக் கறுப்பு ராஜா சி6-இல் உள்ள சிப்பாயை வெட்டினால் வெள்ளை ராஜா எஃப்4-க்கு வந்து ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் சிப்பாயைத் தள்ளினால் டி6-க்குச் சென்று தன் சிப்பாயைக் காப்பாற்றிவிடும். நாம் வாழும் பூமியில் ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவது பக்கத்தைவிட நீளமாகத்தான் இருக்கும். ராஜாவின் நடையிலோ, எச்8-இலிருந்து எச்2 வரை நேராக இறங்கினாலும் ஆறு அடி, இ5 வரை சாய்வாகப் போய் மறுபடி எச்2-க்குச் சாய்வாகத் திரும்பினாலும் ஆறே அடி. பலகையின் இந்தச் சூக்ஷ்மமான க்ஷேத்திர கணிதத்தை முப்பத்திரண்டு காய்களின் சந்தடியில் யாராலும் காண இயலாது. இருபத்தெட்டுக் காய்கள் விலகி நின்றதால்தான் அது நம் கண்ணுக்குப் புலனாயிற்று.

ரேட்டியின் புதிருக்குச் சமானமாகச் சொல்லத்தக்கது இன்னொன்று. அதிலும் நான்கே காய்கள். 1895-ஆம் வருஷம் கிளாஸ்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் சதுரங்கப் பகுதியை நடத்திவந்த பார்பியே என்பவர், வெள்ளைக்கு ஒரு ராஜாவும் ராணியாகும் தறுவாயில் உள்ள ஒரு சிப்பாயும், கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும் உள்ள நிலையைக் கொடுத்து, கறுப்பு டிரா செய்துவிடலாம் என்று காட்டியிருந்தார். அவர் காட்டிய வழி அழகானது: சிப்பாய் ராணியானதும் கறுப்பு யானை தன்னையே அந்த ராணிக்குப் பலியாக நிறுத்தி 'செக்' சொல்லும், ராணி வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் இராது, செக்கும் இராது, ஆகவே டிரா. அந்நகரில் வசித்த பெர்னாண்டோ சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் அதைப் படித்துவிட்டு, அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டாம், யானையாகட்டும் என்றார். யானையானால் அந்தப் பலி பலிக்காது. மறு நகர்வில் மூலையிலுள்ள கறுப்பு ராஜாவுக்கு மேட் என்ற பயமுறுத்தல் எழுகிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு ஓடினால், வெள்ளை ராஜா பி3-இல் வந்து, யானையையும் வெட்டுவேன், மேட்டும் செய்வேன் என்று இரு முனையில் மிரட்டி நிற்கிறது. கறுப்புக்கு உய்வில்லை. அப்பாதிரியாரைப் பற்றிச் சதுரங்க உலகம் நினைவு வைத்திருப்பது இந்த ஒரு நகர்வை மட்டும்தான். ஆனால் நூறு வருஷங்களுக்கு மேலாகியும் அதை மறக்கவில்லை. பெரிய பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சிறிய பதவியை விரும்பி ஏற்பதால் ஆட்டம் வெல்லப்படும் அந்த நிலையைப் பலகையில் அடுக்கிப் பார்த்த சிறுவர்களின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை நான் கண்டிருக்கிறேன். எந்த அதிரடித் தாக்குதலும் அவர்களுக்கு அவ்வளவு ஆனந்தம் தந்ததாகத் தெரியவில்லை.

புதிர்கள் ஒருபுறமிருக்க, நேரில் ஆடும் ஆட்டங்களில் மிகுதியாக வருவது யானைகள் மிஞ்சும் இறுதியாட்டம். அதற்குரிய மூலப் பாடங்கள் இரண்டு. ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு தேசத்து இசைநாடக ஆசிரியரும், தம் காலத்துச் சதுரங்கத்தில் நிகரற்றவருமான பிலிடோர் காட்டிய தற்காப்பு: ஒரு சிப்பாய் குறைவாக உள்ளவர் தம் யானையை மூன்றாம் வரிசையிலேயே நிறுத்தி எதிரி ராஜாவை முன்னேற விடாமல் காத்து, சிப்பாய் அந்த வரிசைக்குள் அடியெடுத்து வைத்தவுடன் யானையைக் கடைக்கோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் சொல்லிக்கொண்டே இருந்தால் டிரா நிச்சயம். மற்றொன்று லூசேனா என்ற ஸ்பானியர் பெயரால் வழங்கும் வெற்றி முறை: ஏழாம் வரிசையில் சிப்பாயும் அதன் முன்னே ராஜாவும் உள்ளவர், யானையை நாலாம் வரிசைக்குக் கொண்டுவந்து, எதிரியின் செக்குகளுக்கு அதைக் கவசமாக வைத்து, ராஜாவை வெளியே கொண்டுவந்துவிடலாம். இவ்விரண்டும் தெரிந்தவர், பலகையில் பத்துக் காய் இருக்கும்போதே, இந்த ஆட்டம் எந்த நிலைக்குப் போய்ச் சேரும், அங்கே போவது தமக்கு லாபமா நஷ்டமா என்று முன்கூட்டியே அறிவார்.

யானை ஆட்டத்தில் கியூபா தேசத்துக் கபப்ளாங்காவின் கைவண்ணத்துக்கு இணையாக நான் வேறொன்றை வைக்கத் துணியமாட்டேன். 1924-இல் நியூயார்க்கில் டார்டகோவருடன் அவர் ஆடிய ஆட்டத்தில், 35-ஆவது நகர்வில், கறுப்பு யானை தம் சிப்பாய்களைச் செக்குடன் வெட்ட வருவதைப் பார்த்துக்கொண்டே, அவர் ராஜாவை ஜி3-க்கு நகர்த்தினார். ஒரு சிப்பாய் போயிற்று; ராஜா எச்4-க்கு ஏறியது. இன்னொரு சிப்பாயும் செக்குடன் போயிற்று. ராஜா ஜி5-க்கு ஏறியது. அங்கிருந்து எஃப்5-இல் எளிதாக வெட்டக்கூடிய கறுப்புச் சிப்பாய் ஒன்று இருந்தும், அதைத் தொடாமல் எஃப்6-க்கே போய் நின்றது. வெட்டியிருந்தால் தம் ராஜா செக்குகளுக்கு ஆளாகியிருக்கும். வெட்டாது விட்டதால் எதிரியின் சிப்பாயே அதற்குக் காவலாக அமைந்தது. ஏழாம் வரிசையில் யானை, ஆறாம் வரிசையில் ராஜாவும் சிப்பாயும்; மூன்றும் சேர்ந்து மேட்டை மிரட்டியதால், சிப்பாய்களின் எண்ணிக்கையில் முந்தியிருந்த டார்டகோவர் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தவித்தார். அதன் பின் கபப்ளாங்கா தாம் கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நிதானமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கணக்கு எப்போது பொருளைக் குறிக்கிறது, எப்போது வெறும் எண்ணைக் குறிக்கிறது என்ற விவேகம் இதைவிடத் தெளிவாக எங்கும் காட்டப்படவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2013-ஆம் வருஷம் நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வே தேசத்து மேக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக மோதியபோது, முதல் நான்கு ஆட்டங்களும் டிராவாயின. ஐந்தாவதிலும் ஆறாவதிலும், நவம்பர் 15, 16 ஆகிய அடுத்தடுத்த நாட்களில், ஆனந்த் தோற்றார். அவ்விரண்டும் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய இறுதியாட்டங்கள். அவ்விரண்டிலுமே, சரியாக ஆடினால் டிரா கிடைக்கும் நிலை நெடுநேரம் இருந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் 45-ஆவது நகர்வில் யானையை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதிலும், ஆறாவதில் 60-ஆவது நகர்வில் சிப்பாயைத் தள்ளுவதா யானையை நகர்த்துவதா என்பதிலும் நேர்ந்த பிசகு அந்த டிராக்களைக் கைநழுவச் செய்தது. கடைசியில் ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் பட்டம் கைமாறியது. அப்போது நம்மவர் பலர், ஒன்றுமில்லாத நிலையைக் கார்ல்சன் விடாமல் இழுத்தடித்தார் என்று வருத்தப்பட்டார்கள். அந்த நிலையில் ஒன்றுமில்லை என்று சொன்னது யந்திரம். மனிதன் அங்கே நாற்பது சரியான நகர்வுகளை, களைப்பையும் கடிகாரத்தையும் சகித்துக்கொண்டு, ஒன்று விடாமல் கண்டுபிடித்தாக வேண்டும். கார்ல்சன் தம் எதிராளிக்கு அந்தப் பரீட்சையை வைத்தார். அதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது. அதுவே அவருடைய கலை.

இதைச் சற்று வற்புறுத்திச் சொல்லக் காரணமுண்டு. இக்காலத்தில் ஆட்டம் பார்ப்பவர்களின் திரையோரத்தில் ஒரு வெள்ளைக்கறுப்புப் பட்டை நின்று, எவர் கை ஓங்கியிருக்கிறது என்று கணினியின் தீர்ப்பை எண்ணாகக் காட்டிக்கொண்டே இருக்கிறது. இறுதியாட்டத்தில் அந்த எண் பெரும்பாலும் பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டவர் அலுப்புற்று எழுந்துவிடுகிறார். ஆனால் அந்தப் பூஜ்யம், இருபுறமும் பிசகே நேராது என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. ஒருவர் எந்த நகர்வு ஆடினாலும் டிரா என்ற பூஜ்யமும் உண்டு. ஒரே ஒரு நகர்வைத் தவிர மற்றெதுவும் தோல்வி என்ற பூஜ்யமும் உண்டு. திரையில் இரண்டும் ஒரே உருவத்தில்தான் தெரியும். 2021-ஆம் வருஷம் டிசம்பரில் துபாயில் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் ஆடிய ஆறாவது ஆட்டம் 136 நகர்வுகள், ஏழே முக்கால் மணி நேரம் நீடித்து, உலகப் பட்டப் போட்டிகளிலேயே மிக நீண்ட ஆட்டமாயிற்று. யானை, குதிரை, இரண்டு சிப்பாய்கள் ஒரு பக்கம். தனியொரு ராணி மறுபக்கம். ஆட்டத்தின் கடைசிப் பத்து நகர்வுகளுக்குள்தான் டிரா தோல்வியாக மாறியது. அன்று அந்தப் பூஜ்யத்தை நம்பி உறங்கப் போனவர்கள் இழந்தது கொஞ்சமன்று.

யந்திரங்களின் உபகாரத்தையும் மறைக்கலாகாது. பாக்தாத் நகரில் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸூலி என்னும் மேதை, பழைய ஷத்ரஞ்ச் ஆட்டத்தில் வைத்துப்போன ஓர் இறுதியாட்டப் புதிர், ஆயிரம் வருஷம் கடந்து, ரஷ்ய வித்வான் யூரி அவெர்பாக்கின் பேருழைப்பால்தான் விடுபட்டது. மனித மூளை ஒன்றையே நம்பியிருந்த காலத்தின் வேகம் அது. பெல் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்த கென் தாம்ஸன், சில காய்களே உள்ள நிலைகள் அனைத்தையும், முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பட்டியலிடும் முறையைக் கணினியில் அமைத்தார். 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் என்ற இருவர் டிரா என்று எழுதிவைத்த ஒரு நிலை, இரண்டு மந்திரிகள் ஒரு குதிரையை எதிர்ப்பது, உண்மையில் மந்திரிகளுக்கே வெற்றி என்று 1983-இல் அவர் கணக்கு நிரூபித்தது. நூற்று முப்பது வருஷத்து நம்பிக்கை அன்றோடு முடிந்தது. அதற்கும் சில வருஷங்கள் முன்னே, ராணி உள்ளவர் யானை மட்டும் உள்ளவரை வெல்வது சுலபம் என்று கருதிய அமெரிக்கச் சாம்பியன் வால்டர் பிரௌன், யானையின் பக்கம் தாம்ஸனின் யந்திரம் ஆடியபோது, விதி அனுமதிக்கும் ஐம்பது நகர்வுக்குள் வெல்ல முடியாமல் நின்றார். அவர் மனம் தளராமல் அந்த நிலையை ஆராய்ந்து, மறுமுறை ஆடி, சரியாக ஐம்பதாவது நகர்வில் யானையை வெட்டினார். மனிதன் யந்திரத்திடம் கற்றுக்கொண்டதற்கு இதைவிடக் கௌரவமான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று ஏழு காய்கள் வரையிலுள்ள நிலைகள் அனைத்தும் பட்டியலாகிவிட்டன. அவற்றில் ஒன்றில், இருவரும் பிழையே செய்யாமல் ஆடினால், மேட்டுக்கு 549 நகர்வுகள் வேண்டியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதியின் நோக்கம் எந்த வித்வானுக்கும் விளங்குவதில்லை. ஆகவே, பட்டியல் வந்துவிட்டதால் இறுதியாட்டம் வற்றிப் போயிற்று என்பாருடன் நான் உடன்பட மாட்டேன். அதன் ஆழம் எவ்வளவு என்பதே இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது.

நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய உறவும் உண்டு. 1929-இல் இங்கிலாந்து சென்று, அவ்வருஷமே பிரிட்டிஷ் சாம்பியனாகி, மீண்டும் 1932-லும் 1933-லும் அப்பட்டத்தை வென்ற பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், சிப்பாய் முதல் நகர்விலும் ஓர் அடிதான் வைக்கலாம் என்பது போன்ற இந்திய விதிகளில் பயின்று வளர்ந்தவர். ஐரோப்பியர் மனப்பாடம் செய்திருந்த ஆரம்ப ஆட்ட முறைகள் எதுவும் அவருக்குத் தெரியாது. அவ்விடத்தில் பின்தங்கியே தொடங்கி, நடு ஆட்டத்திலும் இறுதியாட்டத்திலும் அந்தப் பின்னடைவை மீட்டு, ஹேஸ்டிங்ஸில் கபப்ளாங்காவையே தோற்கடித்தார். ஐந்தே வருஷத்தில் தாயகம் திரும்பி, சதுரங்க உலகை விட்டு விலகி வாழ்ந்து, 1966-இல் காலமான அவருக்கு, சர்வதேசச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-ஆம் வருஷத்தில்தான். காய்களின் உண்மையான பலத்தை உணர்ந்தவருக்கு ஏட்டறிவின் குறை ஈடுசெய்ய முடியாததன்று என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

தமிழகத்தில் இன்று சதுரங்கம் சொல்லித்தரும் இடங்களுக்குக் குறைவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் ஆரம்ப ஆட்ட வகைகளைப் பதினைந்து நகர்வு வரை ஒப்பிப்பதைப் பெற்றோர் பெருமிதத்துடன் பார்க்கிறார்கள். பதினாறாவது நகர்வில் அந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். கபப்ளாங்கா 1921-இல் வெளியிட்ட பால பாட நூல், ராஜாவையும் யானையையும் கொண்டு மேட் செய்வதிலும், சிப்பாய் ராணியாகும் முறையிலுமிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு காயும் தனியே என்ன செய்யும் என்று தெரிந்த பிறகே அவை சேர்ந்து என்ன செய்யும் என்பது விளங்கும் என்ற நியாயத்தின் மேல் அமைந்த வரிசை அது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போட்டிகளில் சீக்கிரம் பரிசு வாங்கித் தருவது ஆரம்ப ஆட்டத் தந்திரங்கள்தான் என்ற நிர்ப்பந்தம் ஆசிரியர்களுக்கு உண்டு. அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்கும் பெற்றோர் சற்றுப் பொறுமை காட்டினால் பிள்ளைகளுக்கே நன்மை.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெரிய ஆட்டத்தைத் திரையில் பார்க்கும்போது, ராணிகள் வெட்டுப்பட்டதும் அந்த ஓரத்துப் பட்டையை மறைத்துவிட்டு, யாருடைய ராஜா முதலில் புறப்படுகிறது என்று மட்டும் கவனியுங்கள். வீட்டில் பலகை இருந்தால் மூன்று காய்களை எடுத்து வையுங்கள்: ஐந்தாம் வரிசையில் ஒரு வெள்ளைச் சிப்பாய், அதற்கு நேர் முன்னே ஆறாம் வரிசையில் வெள்ளை ராஜா, எட்டாம் வரிசையில் எதிரே கறுப்பு ராஜா. முதலில் ஆடுவது வெள்ளையாயினும் கறுப்பாயினும் வெள்ளைக்கே வெற்றி. ராஜாவையும் சிப்பாயையும் இடம் மாற்றி, சிப்பாயை ஆறாம் வரிசையிலும் ராஜாவை அதன் பின்னாலும் வைத்து, வெள்ளையை முதலில் ஆடச் சொன்னால், எதிரே உள்ள கறுப்பு ராஜா சரியாக ஆடும் வரையில் டிராதான். ஏன் அப்படி என்று வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மாலை ஆடிப் பாருங்கள். ஓரப் பத்தியில் மட்டும் சிப்பாயை வைக்க வேண்டாம், அங்கே இந்த விதி செல்லாது.